ஐந்து வோல்ட் பலகையும் வீட்டு மின்விளக்கும்: விற்கப் புறப்படுமுன் பார்க்க வேண்டியவை

அண்மைக் காலமாக எமது கடைக்கு வரும் இளைஞர்கள் கேட்கும் பொருட்களின் பட்டியல் மாறிவிட்டது. முன்பெல்லாம் ஹோல்டர், சொக்கட், இன்சுலேஷன் டேப் என்று கேட்டவர்கள் இன்று "ஆர்டுயினோ இருக்கா நானா? ரிலே போட் இருக்கா?" என்று கேட்கிறார்கள். உயர்தரத்தில் தொழினுட்பப் பாடத்துறை 2013 இல் ஆரம்பமானதிலிருந்து இந்தப் பலகைகளைக் கையாளும் பிள்ளைகளின் தொகை வருடாவருடம் கூடி வருகிறது. பாடசாலைக் கண்காட்சியில் ஒரு சிறிய குமிழை எரியவைத்துப் பாராட்டுப் பெற்ற பிள்ளை, பரீட்சை முடிந்து பெறுபேறு வரும் வரையிலான இடைவெளியில், இதையே ஒரு தொழிலாகச் செய்தால் என்னவென்று யோசிப்பது இயல்பே. வீட்டு வாசல் விளக்கு பொழுது சாயும்போது தானாக எரிந்து, விடியும்போது தானாக அணைய வேண்டும். கடைப் பெயர்ப்பலகை இரவு பத்து மணிக்கு அணைய வேண்டும். கேட்பவர்களும் இருக்கிறார்கள், செய்து கொடுக்கக்கூடியவர்களும் இருக்கிறார்கள்.

அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் ஐந்து வோல்ட்டில் பழகிய கை 230 வோல்ட்டைத் தொடப் போகிறது என்பதையும் பேசியாக வேண்டும். மின்சாதன உதிரிப் பாகங்களை விற்று வருபவன் என்ற வகையில், இந்த வியாபாரத்தின் இலாப நட்டத்தையும் அதிலுள்ள ஆபத்தையும் சேர்த்தே இவ்வாரம் எழுதுகிறேன்.

முதலில் பலகையைப் பற்றி ஓரிரு வார்த்தைகள். ஆர்டுயினோ 2005 ஆம் ஆண்டில் இத்தாலியின் இவ்ரேயா நகரில், இலத்திரனியல் படிக்காத வடிவமைப்பு மாணவர்களும் இலகுவாகப் பாவிக்க வேண்டும் என்ற நோக்கில் மசிமோ பான்சி, டேவிட் குவார்ட்டியஸ் உள்ளிட்ட சிலரால் உருவாக்கப்பட்டது. அவர்கள் வழமையாகக் கூடும் ஒரு கடையின் பெயரையே அதற்கு வைத்தார்கள். அதன் வரைபடத்தை எவரும் எடுத்துப் பாவிக்கலாம் என்று பகிரங்கமாக வெளியிட்டதனால்தான் சீனாவில் செய்யப்பட்ட பலகைகள் இவ்வளவு மலிவாக எமது கைக்கு வருகின்றன. பலகையின் மூளை ஒரு சிறிய கணனிச் சில்லு. நாம் எழுதிக் கொடுக்கும் கட்டளைப்படி அதன் முனைகளில் ஐந்து வோல்ட் தோன்றும், மறையும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

இனி வியாபாரக் கணக்குக்கு வருவோம். மின்கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 வீதத்தாலும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதத்தாலும் உயர்த்தப்பட்டது. பின்னர் சில தடவைகள் குறைக்கப்பட்டபோதிலும், அன்று பட்ட சூடு பலருக்கும் ஆறவில்லை. ஆகவே "இது கரண்ட் பில்லைக் குறைக்கும்" என்று சொன்னால் வாடிக்கையாளர் காது கொடுப்பார். உண்மையில் குறைக்குமா?

9 வாற்று எல்.ஈ.டி. குமிழ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வழமையாக அணைக்க மறந்து மூன்று மணி நேரம் வீணாக எரிகிறது என்று வைத்தால், நாளொன்றுக்கு 27 வாற்று மணி வீணாகிறது. மாதத்துக்கு 0.81 அலகு. இதைத் தடுப்பதற்காக நாம் பொருத்தும் பலகை, ரிலே, அவற்றுக்கு மின் வழங்கும் அடப்டர் ஆகிய மூன்றும் சேர்ந்து சராசரியாக ஒரு வாற்று எடுக்குமென்றால், அவை இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குவதால் நாளொன்றுக்கு 24 வாற்று மணி, மாதத்துக்கு 0.72 அலகு. மிச்சம் 0.09 அலகு. இதற்காக ஒருவர் ஆயிரக்கணக்கில் செலவழிப்பதில் அர்த்தமில்லை. வாடிக்கையாளரிடம் இதை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுவதே நல்லது. வசதிக்காக வேண்டுமென்றால் வாங்கட்டும், சேமிப்புக்காக என்றால் வேண்டாம்.

அதே கணக்கைக் கடை முகப்பில் பூட்டியிருக்கும் நான்கு 50 வாற்று விளக்குகளுக்குப் போட்டுப் பாருங்கள். மொத்தம் 200 வாற்று. நள்ளிரவிலிருந்து ஐந்து மணி நேரம் அணைத்து வைத்தால் தினமும் ஓர் அலகு, மாதத்துக்கு 30 அலகு மிச்சம். ஆகவே இந்தத் தொழிலுக்குச் சந்தை இருக்குமானால் அது கடைகள், களஞ்சியங்கள், மண்டபங்கள் என்பவற்றில்தான் இருக்கிறது. அங்கும்கூட ஒரேயொரு பெயர்ப்பலகையை நேரத்துக்கு அணைப்பது மட்டும்தான் வேலை என்றால், மின் பெட்டிக்குள் பூட்டக்கூடிய ஆயத்த டைமர் ஆளி விற்பனையில் இருக்கிறது. நான் அதையே எடுத்துக் கொடுப்பேன். பலகை வைத்துச் செய்வது, டைமரால் முடியாத வேலைகளுக்கு: வெவ்வேறு விளக்குகள் வெவ்வேறு நேரத்தில், வெள்ளியன்று ஒரு மாதிரி ஞாயிறன்று ஒரு மாதிரி, ஆள் நடமாட்டத்தைக் கண்டால் மட்டும் என்ற வகையான வேலைகளுக்கு.

இப்போது ஆபத்தின் பக்கம். எமது வீடுகளுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் ஆடலோட்ட மின்சாரம். 230 என்பது ஒரு வகைச் சராசரிதான். அலையின் உச்சத்தில் அது 325 வோல்ட் வரை போகிறது. மனித உடலின் தடையை ஆயிரம், இரண்டாயிரம் ஓம் அளவில் வைத்துக் கணக்கிட்டால், ஒரு கையால் தொட்டு மறு கையால் வெளியேறும் மின்னோட்டம் 100 மில்லி அம்பியரைத் தாண்டிவிடும். நெஞ்சினூடாக 30 மில்லி அம்பியருக்கு மேல் சற்று நேரம் பாய்ந்தாலே இதயத் துடிப்பு குழம்பக்கூடும். வீட்டு மின் பெட்டியிலிருக்கும் ட்ரிப் சுவிட்சில் 30 மில்லி அம்பியர் என்று பொறிக்கப்பட்டிருப்பது இதனால்தான். "ட்ரிப் சுவிட்ச் இருக்குத்தானே" என்று அலட்சியமாக இருப்பவர்களுக்கு ஒரு விடயம். அந்தக் கருவி, போன மின்சாரம் முழுமையாகத் திரும்பி வராமல் நிலத்துக்குக் கசியும்போதுதான் விழும். ஒரு கை லைவிலும் மறு கை நியூட்ரலிலும் பட்டால், அதற்கு நீங்களும் ஒரு மின்குமிழ்தான். அது விழாது.

பாடப்புத்தகங்களில் உயிர்க்கம்பி, நொதுமல் கம்பி, புவிக்கம்பி என்று படித்தவற்றையே வயரிங் பாஸ்மார் லைவ், நியூட்ரல், ஏர்த் என்கிறார்கள். நானும் அவ்வாறே எழுதுகிறேன். பழைய வீடுகளில் லைவ் சிவப்பு, நியூட்ரல் கறுப்பு. புதிய வயரிங்கில் லைவ் கபிலம், நியூட்ரல் நீலம். இரண்டும் கலந்த வீடுகள் நிறைய இருக்கின்றன. நிறத்தை நம்பிக் கை வைக்கக் கூடாது.

சில காலத்துக்கு முன்னர் ஓர் இளைஞர் தான் செய்த பெட்டியொன்றைக் கொண்டு வந்தார். "இருவது வீட்டுக்குக் குடுக்கப் போறன் நானா. ஒங்கட கடையிலயும் வெச்சி வித்துத் தாங்க. ஒரு வருஷ வொரண்டியும் போடுவம்" என்றார். மேசையில் வைத்து ஓடவிட்டோம். ஒரு குறையும் தெரியவில்லை. சொன்ன நேரத்துக்கு எரிந்தது, சொன்ன நேரத்துக்கு அணைந்தது. அவர் எழுதியிருந்த நிரல் என்னால் எழுத முடியாத அளவுக்கு நேர்த்தியானது. பெட்டியைத் திறந்தபோதுதான் நான் பின்வாங்கினேன்.

முதலாவது, பலகைக்கான ஐந்து வோல்ட் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன். செலவைக் குறைப்பதற்காக அவர் அடப்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, 2.2 மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்றின் ஊடாக 230 வோல்ட்டை நேரடியாகக் கட்டுப்படுத்தி எடுத்திருந்தார். இது ஒரு பழைய வழி. 50 ஹேர்ட்ஸில் அந்தக் கொள்ளளவி சுமார் 160 மில்லி அம்பியரை மட்டுமே விடும். பலகையும் ரிலேயும் அதில் ஓடும். ஆனால் நிலைமாற்றி எதுவும் இடையில் இல்லாததால் பலகை முழுவதும் வீட்டு மின்சாரத்துடன் நேரடித் தொடர்பில் இருக்கிறது. ஐந்து வோல்ட் என்பது பலகையின் இரு முனைகளுக்கிடையில் மட்டும்தான். நிலத்தில் நிற்கும் மனிதருக்கு அந்தப் பலகையின் எந்த முனையும் 230 வோல்ட்டாக இருக்கக்கூடும். அதில் நேரத்தை மாற்றுவதற்கென்று பொத்தான்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. நிரலைத் திருத்துவதற்காக யூ.எஸ்.பி. வயரைக் கணனியில் செருகினால் கணனியும் போகும், செருகியவரும் போகலாம். இவ்வாறான மின் வழங்கி முழுமையாக மூடப்பட்ட, கை படவே முடியாத கருவிகளுக்கு மட்டுமே உரியது.

இரண்டாவது, கருவிக்கு அவர் போட்டிருந்தது இரு முனை ப்ளக். அதை எப்படியும் திருப்பிச் செருகலாம். ஒரு விதமாகச் செருகினால் ரிலே லைவை வெட்டும், மற்ற விதமாகச் செருகினால் நியூட்ரலை வெட்டும். நியூட்ரலை வெட்டினாலும் விளக்கு அணையும், ஆனால் ஹோல்டரில் மின்சாரம் அப்படியே நிற்கும். அணைந்துவிட்டது என்று நம்பி குமிழைக் கழற்றுபவரின் விரல் எங்கே படும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ரிலே எப்போதும் லைவைத்தான் வெட்ட வேண்டும்.

மூன்றாவது, பெட்டி. வெறுமையான ஐஸ்கிரீம் பெட்டியில் துளையிட்டு வயர்களை உள்ளே விட்டிருந்தார். வெளியே இழுத்தால் உள்ளே முனையிலிருந்து கழன்று வரும். பல இழை வயரை முறுக்கித் திருகாணிக்குள் வைத்திருந்ததில் ஓர் இழை தனியே நீட்டி, ஐந்து வோல்ட் முனைக்கு ஒரு நெற்பிடி தூரத்தில் நின்றது.

நான் விற்க முடியாது என்றேன். அவருடைய முகம் சுருங்கிப் போனது. "எல்லாம் மாத்தினா அப்ப லாபம் எங்க நானா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இருவரும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். தனிமைப்படுத்தப்பட்ட மின் வழங்கி, பியூஸ், முறையான பெட்டி, வயர் பிடிகள் என்று சேர்த்தபோது செலவு ஏறத்தாழ இரட்டிப்பானது. அந்த விலைக்கு இருபது வீட்டுக்காரரில் ஆறு பேர்தான் நின்றார்கள். அந்த ஆறு பேருக்கும் செய்து கொடுத்தார். பின்னர் வீடுகளை விட்டுவிட்டுக் கடைகளைப் பிடித்தார். அங்கு சேமிப்பு கண்ணுக்குத் தெரிவதால் விலையைப் பற்றி அவ்வளவாகப் பேரம் பேசுவதில்லை என்பது அவர் கண்ட அனுபவம்.

அவர் திருத்தியமைத்த முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் விடயம் இங்குதான் இருக்கிறது.

ரிலே என்பது காந்தத்தால் இழுக்கப்படும் ஓர் ஆளி. ஒரு பக்கம் ஐந்து வோல்ட் சுருள், மறு பக்கம் 230 வோல்ட் தொடுகைகள். இரண்டுக்கும் இடையில் மின்தொடர்பு கிடையாது. இந்தப் பிரிவுதான் மொத்தப் பாதுகாப்பின் அத்திவாரம். நீல நிறத்தில் சதுரமாக இருக்கும் சாதாரண ஐந்து வோல்ட் ரிலேயின் சுருள் சுமார் 70 ஓம். ஆகவே 71 மில்லி அம்பியர் வரை எடுக்கும். ஆர்டுயினோ யூனோவின் ஒரு முனையில் 20 மில்லி அம்பியருக்கு மேல் எடுக்கக் கூடாது, 40 என்பது உடைந்துபோகும் எல்லை. 2023 இல் வந்த ஆர்4 வகையில் இது வெறும் 8 மில்லி அம்பியர். ஆகவே சுருளை நேரடியாக முனையில் கொடுக்காமல் டிரான்சிஸ்டர் ஒன்றின் ஊடாகவும், சுருள் அணையும்போது எழும் எதிர் மின்னழுத்தத்தை உறிஞ்ச ஒரு டயோட்டுடனும் கொடுக்க வேண்டும். ஆயத்த ரிலே பலகையில் இவை இரண்டும் இருக்கின்றன. எட்டு ரிலே உள்ள பலகையை வாங்கி யூ.எஸ்.பி. துளையிலிருந்தே ஓட்டப் பார்ப்பவர்களும் உண்டு. எட்டும் ஒன்றாக இழுத்தால் 570 மில்லி அம்பியர் தேவைப்படும். பலகை இடையிடையே தானாக நின்று மறுபடி தொடங்குவதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ரிலே பலகையை வாங்கும்போது அதன் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். 230 வோல்ட் பாயும் செப்புப் பாதைக்கும் ஐந்து வோல்ட் பாதைக்கும் இடையில் குறைந்தது 6 மில்லிமீற்றர் இடைவெளி இருக்க வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் அளவுகோல், 8 இருந்தால் நல்லது. நல்ல பலகைகளில் இந்த இடத்தில் பலகையையே கீறி இடைவெளி விட்டிருப்பார்கள். எமது காலநிலையில் தூசும் ஈரமும் எறும்பும் பல்லியும் பெட்டிக்குள் போகாமல் இருப்பதில்லை. இடைவெளி குறைந்த பலகை மேசையில் வேலை செய்யும், மழைக்காலத்தில் சுவரில் வேலை செய்யாது.

ரிலேயின் முதுகில் 10 அம்பியர், 250 வோல்ட் என்று எழுதியிருக்கும். 9 வாற்று குமிழ் 0.1 அம்பியர்கூட எடுக்காது, ஆகவே நூறு குமிழ் பூட்டலாம் என்று கணக்குப் போடக் கூடாது. எல்.ஈ.டி. குமிழுக்குள் வெறுமையாக இருக்கும் ஒரு கொள்ளளவி, ஆளி மூடிய கணத்தில் மின்சாரத்தை ஒரே மூச்சில் விழுங்கும். அலையின் உச்சமான 325 வோல்ட்டில் ஆளி மூடி, குமிழுக்குள் 10 ஓம் தடை மட்டுமே இருக்குமானால், அந்தக் கணத்தில் 32 அம்பியர் பாயும். மில்லி செக்கனிலும் குறைந்த நேரந்தான். ஆனால் பத்துக் குமிழ் ஒன்றாகச் சேர்ந்து விழுங்கினால் தொடுகைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். பிறகு விளக்கு அணையவே அணையாது. கடை முகப்பு விளக்குகளைப் போன்ற பெரிய சுமையானால், இந்தச் சிறிய ரிலே ஒரு கொன்டெக்டரை இயக்கட்டும், கொன்டெக்டர் விளக்குகளை இயக்கட்டும்.

சிலர் சத்தம் போடாத, தேயாத திண்ம நிலை ரிலேயை விரும்புவார்கள். வீட்டு விளக்குக்கு நான் அதைச் சிபாரிசு செய்வதில்லை. அணைந்த நிலையிலும் அதனூடாக ஒரு மில்லி அம்பியர் அளவில் கசிவதால் எல்.ஈ.டி. குமிழ் இரவு முழுவதும் மங்கலாக மினுங்கும். பழுதடையும்போதும் அது பெரும்பாலும் எரியும் நிலையிலேயே பழுதடையும். அதை நம்பிக் குமிழைக் கழற்றக் கூடாது.

ஐந்து வோல்ட்டுக்கு, நிலைமாற்றி உள்ளடங்கிய, மூடி வார்க்கப்பட்ட சிறிய மின் வழங்கிகள் கிடைக்கின்றன. 600 மில்லி அம்பியர் தரும் வகை ஒரு பலகைக்கும் ஓரிரு ரிலேக்கும் தாராளம். அதற்கு முன்னால் லைவ் வயரில் ஒரு பியூஸ், லைவுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே இடி மின்னலின்போது வரும் உயர் மின்னழுத்தத்தைத் தாங்க ஒரு வரிஸ்டர். நடைபாதையில் விற்கப்படும் பெயர் தெரியாத தொலைபேசி சார்ஜரை உடைத்து உள்ளே வைப்பது வேண்டாம். அவற்றில் பலவற்றின் உள்ளே இரு பக்கங்களுக்குமிடையிலான இடைவெளி நூலிழை அளவுதான்.

சுவர் ஆளிப் பெட்டிக்குள் பலகையைப் பூட்ட முயல்பவர்கள் எதிர்கொள்ளும் ஒரு சிக்கல் உண்டு. எமது வீடுகளில் ஆளிப் பெட்டிக்குப் பெரும்பாலும் லைவும், விளக்குக்குப் போகும் வயரும் மட்டுமே வரும். நியூட்ரல் நேரே விளக்குக்குப் போய்விடும். பலகைக்கு மின்சாரம் கொடுக்க நியூட்ரல் வேண்டுமே என்று அருகிலுள்ள ஏர்த் வயரைப் பிடித்து இணைத்துவிடுகிறார்கள். ஒரு கருவி சில மில்லி அம்பியர்தான் எடுப்பதால் ட்ரிப் சுவிட்ச் உடனே விழாமல் போகலாம். வீட்டில் நான்கைந்து பூட்டிய பின்னர் காரணமின்றி அடிக்கடி விழத் தொடங்கும். அதைவிட மோசம், எங்காவது ஏர்த் வயர் அறுந்துவிட்டால் அதனுடன் தொடுக்கப்பட்ட குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம் என்பவற்றின் உலோக உடலில் இந்தக் கருவியினூடாக மின்சாரம் ஏறி நிற்கும். நியூட்ரல் இல்லையென்றால் புதிதாக இழுக்க வேண்டும், அல்லது கருவியை விளக்குப் பக்கத்தில் பூட்ட வேண்டும். மூன்றாவது வழி இல்லை.

நான் பெரிதும் விரும்பும் ஓர் அமைப்பு இருக்கிறது. மாடிப்படியில் மேலும் கீழும் இரண்டு ஆளிகள் ஒரே விளக்கை இயக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதை டூவே என்பார்கள். ரிலேயிலும் மூன்று முனைகள் இருப்பதால் அது ஒரு டூவே ஆளிக்குச் சமம். சுவரிலுள்ள ஆளியைக் கழற்றி டூவே ஆளி போட்டு, அதன் பொது முனைக்கு லைவைக் கொடுத்து, மற்ற இரு முனைகளையும் ரிலேயின் இரு பக்க முனைகளுக்குக் கொண்டு சென்று, ரிலேயின் பொது முனையை விளக்குக்குக் கொடுத்தால் போதும். பலகை செத்துப் போனாலும் சுவர் ஆளியைத் தட்டினால் விளக்கு எரியும். படிக்கட்டு, கழிவறைப் பாதை, வயோதிபர்கள் நடமாடும் இடம் என்றால் இந்த முறையைத் தவிர வேறெதையும் பூட்ட நான் சம்மதிக்க மாட்டேன். இதில் விளக்கு எரிகிறதா இல்லையா என்பது பலகைக்குத் தெரியாது. அதற்காக 230 வோல்ட்டை அளக்கப் போக வேண்டாம். வெளிச்சத்தை உணரும் தடையொன்றை விளக்கைப் பார்த்தபடி வைத்தால் போதும். ஒரு சில ரூபாய்களில் முடிந்துவிடும்.

மின்வெட்டையும் யோசிக்க வேண்டும். 2022 இல் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் இருளில் இருந்தவர்கள் நாம். மின்சாரம் திரும்பி வந்ததும் பலகை புதிதாக விழித்தெழுகிறது. பெரும்பாலான ரிலே பலகைகள் முனையில் மின்னழுத்தம் இல்லாதபோதுதான் இழுக்கும். ஆகவே நிரலில் முனையை வெளியீடு என்று அறிவிப்பதற்கு முன்னரே அதை உயர் நிலைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். வரிசை மாறினால் ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பின்னரும் ரிலே ஒருமுறை வெட்டிக்கொள்ளும். வந்தவுடன் மின்னழுத்தம் ஏறி இறங்கும் என்பதால் பத்துச் செக்கன் பொறுத்துவிட்டு விளக்கைப் போடுவது நல்லது. நேரத்தை மறக்காமலிருக்க பெட்டரியுடன் கூடிய கடிகாரச் சில்லு வேண்டும். டி.எஸ்.3231 என்ற வகை வருடத்துக்கு ஒரு நிமிடமளவே பிசகும். அதன் மலிவான பலகைகள் சிலவற்றில், மீள்நிரப்ப முடியாத நாணய வடிவப் பெட்டரிக்கும் மின்னேற்றப் பார்க்கும் ஒரு பாதை இருக்கிறது. அந்தச் சிறிய தடையைக் கழற்றாவிட்டால் பெட்டரி வீங்கும்.

பொழுது சாய்வதை உணர வெளிச்ச உணரி கட்டாயம் வேண்டும் என்பதில்லை. கொழும்பில் சூரியன் மறையும் நேரம் வருடம் முழுவதும் சுமார் 40 நிமிட எல்லைக்குள்தான் மாறுகிறது. மாதத்துக்கு ஒரு நேரம் என்று நிரலில் எழுதிவிட்டாலே போதுமானது. உணரி வைத்தால் வாகன வெளிச்சம், மின்னல், சிலந்தி வலை எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டிவரும்.

வயரிங் வேலையைத் தகைமைச் சான்றிதழ் பெற்ற மின்னிணைப்பாளரைக் கொண்டு செய்விப்பது பெட்டி செய்யும் இளைஞருக்குத்தான் பாதுகாப்பு. விளக்குச் சுற்றுக்குரிய வயர் 1/1.13, அதற்கு முன்னால் 6 அம்பியர் எம்.சி.பி. இருக்க வேண்டும். அப்போது 10 அம்பியர் ரிலே எரிவதற்கு முன் எம்.சி.பி. விழும். வேலை தொடங்குமுன் மெயினை அணைத்தால் மட்டும் போதாது. 2022 க்குப் பின் பல வீடுகளில் இன்வேர்ட்டரும் சூரிய மின்கலமும் வந்துவிட்டன. மெயின் அணைந்தாலும் அந்தப் பக்கத்தால் மின்சாரம் நிற்கும். டெஸ்டரின் சிறு வெளிச்சத்தை நம்பாமல், மல்டிமீட்டரை முதலில் மின்சாரம் உள்ள இடத்தில் வைத்துப் பார்த்து, பின் வேலை செய்யும் இடத்தில் பார்த்து, மறுபடி முதல் இடத்தில் பார்க்க வேண்டும். நடுவில் மீற்றரின் பெட்டரி இறந்துபோனால் எல்லா வயரும் பூச்சியந்தான் காட்டும்.

முடித்த பெட்டியை விற்குமுன் 500 வோல்ட் மெகர் மீற்றரால் ஒரு தடவை அளந்து பார்ப்பது வழக்கமாக வேண்டும். லைவையும் நியூட்ரலையும் ஒன்றாக இணைத்து, அதற்கும் ஐந்து வோல்ட் பக்கத்துக்கும் இடையில் அளக்க வேண்டும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அந்தப் பெட்டி கடையை விட்டு வெளியே போகக் கூடாது. சரியாகச் செய்யப்பட்ட பெட்டியில் மீற்றர் தன் எல்லையையே தொடும். மெகர் இல்லாதவர்கள் வயரிங் பாஸ் ஒருவரிடம் இரவல் வாங்கலாம், அவர்களில் பலரிடம் இருக்கிறது.

வை-பை உள்ள பலகையைச் சேர்த்துச் செய்து விற்பவர்கள், அத்தகைய கருவிகளுக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் வகை அங்கீகாரம் வேண்டும் என்பதையும், வொரண்டி என்று எழுதிக் கொடுத்தால் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் என்று ஒன்று இருப்பதையும் விசாரித்து வைத்துக்கொள்ளட்டும். ஆறு பெட்டி விற்கும்போது எவரும் கேட்கமாட்டார்கள். அறுநூறு விற்கும்போது கேட்பார்கள்.

கடைசியாக, பெட்டியின் மூடிக்கு உட்புறத்தில் ஒரு தாளை ஒட்டிவிடுங்கள். எந்த வயர் எங்கே போகிறது என்ற வரைபடம், பியூஸின் அளவு, செய்த திகதி, உங்கள் தொலைபேசி இலக்கம், திறக்குமுன் எந்த எம்.சி.பி.யை அணைக்க வேண்டும் என்ற குறிப்பு. தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள். ஐந்து வருடம் கழித்து அந்தப் பெட்டியைத் திறக்கப் போகிறவர் யார் என்பது உங்களுக்குத் தெரியாது.